டவர் பக்கத்துச் சுவர்

அக்கம்பக்கத்தில் அவளுக்கு ‘ஃபில்டர் அக்கா’ என்றே பெயர். ஃபில்டர் கம்பெனியில் வேலை என்று மாமியார் பெருமையடித்துக்கொண்டதன் வினை. குழாய்த் தண்ணீர் கலங்கினாலும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவள் செய்வதோ மைக்ரோவேவ் ஃபில்டர். காற்றில் முண்டியடித்து வரும் அலைகளில் வேண்டியதை மட்டும் உள்ளே விட்டு, மற்றவற்றை வாசலிலேயே மறிக்கும் சின்ன அலுமினியப் பெட்டி.

கணவன் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். ஒருநாள் வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டான்.

“பக்கத்துக் கட்டட மொட்டை மாடியில புது செல்போன் டவர் வச்சதுலேருந்து வயர்லெஸ் மானிட்டரெல்லாம் சும்மா சும்மா அலறுது. குழந்தைங்களுக்கு ஒண்ணுமில்ல. அம்மாக்களுக்குத்தான் உயிர் போயி உயிர் வருது. ஒருதடவ வந்து பாரேன்.”

இப்போது பள்ளிக்கூடம் போகும் அவர்கள் மகள் பிறந்தவுடன் கிடந்தது அந்த வார்டில்தான். அந்த அலறலுக்குப் பயந்தே அதன்பிறகு அவள் அந்த வார்டுப் படி ஏறியதில்லை.

மறுநாள் அளக்கும் கருவியோடு போனாள். முதல் படியிலேயே நின்றுவிட்டாள். கணவன் ஒரு கையில் கருவியை வாங்கிக்கொண்டு, மறு கையால் அவளைப் பிடித்துக்கொண்டான்.

கருவியின் திரையில் குழந்தைகளின் சென்சார்கள் அனுப்பும் சிக்னல் சின்ன மேடாகத் தெரிந்தது. அதை ஒட்டியே டவரின் அலை மலையாக நின்றது.

முதலில் செய்த ஃபில்டரில் அலை நுழையும் வழியை ரொம்பவே குறுக்கிவிட்டாள். டவர் அடங்கியது, கூடவே குழந்தைகளின் சிக்னலும் தேய்ந்துபோனது.

“அந்த டவர்க்காரனை அடக்கறேன்னு நம்ம பிள்ளைங்க வாயையும் சேர்த்துப் பொத்திட்டேங்க” என்றாள், அழாத குறையாக.

“பொத்தின கையை எடுத்துடலாம், விடு” என்றான் அவன்.

அடுத்த பெட்டியில் வழியைச் சற்று அகலப்படுத்தினாள். டவர் இருந்த பக்கத்தில் மட்டும் தடுப்பைச் சுவர்போலச் செங்குத்தாக எழுப்பினாள். மூடியைப் போட்டதும் அளவு நழுவியது. திருகாணிகளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி வழிக்குக் கொண்டுவந்தாள்.

சிக்னலை வாங்கும் ரிசீவரில் அதைப் பொருத்திய அன்று மத்தியானம் வார்டில் பொய் அலறல் ஒன்றுகூட இல்லை. நிஜ அலறல் வருகிறதா என்று சோதிக்க, கணவன் தன் விரலில் மாட்டிய சென்சாரைக் கழற்றியதும் மானிட்டர் ஒழுங்காகக் கத்தியது. பிறகு மீண்டும் அமைதி.

கண்ணாடிப் பெட்டியருகே உட்கார்ந்திருந்த ஒரு தாய் மிரண்டு கேட்டாள்: “ஏன் சத்தமே காணோம்? மெஷின் கெட்டுப்போச்சா?”

“இல்லம்மா, இப்பதான் சரியாச்சு. கொஞ்சம் கண்ணை மூடுங்க. நான் பாத்துக்கறேன்” என்றாள் ஃபில்டர் அக்கா.

அந்தப் பெண் சுவரில் தலை சாய்த்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள். ஃபில்டர் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மானிட்டரில் துள்ளித் துள்ளி ஓடும் பச்சைக் கோட்டையே பார்த்தபடி அந்தத் தாய் விழிக்கும்வரை அங்கேயே இருந்தாள்.