மச்சானின் புதுக் காரில் ஏறிய சிலிண்டர்

அக்கா வீட்டுக்காரருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் அவர் வைத்திருக்கும் கூல்டிரிங்ஸ் கடைக்கு சோடா மெஷின் வந்தது. மாட்டிக் கொடுக்க வந்தவர், "கேஸ் சிலிண்டர நிக்க வச்சி சங்கிலி போட்டுடுங்க" என்றார். மச்சான் அவருக்கு ஒரு சோடா கொடுத்து அனுப்பிவிட்டு, சங்கிலியை எடுத்துத் தன் பைக்குக்குப் போட்டார். வால்வின் மேல் திருகி வைக்கும் இரும்பு மூடி, கல்லாவில் பேனா ஸ்டாண்டாகப் பதவி உயர்வு பெற்றது.

இப்படி வைக்கலாமா என்று ஒருமுறை நான் கேட்டேன். சிரித்தார்.

"கேஸுன்னா இன்னா பயம்? நெருப்பு புடிக்கும். இது சோடாவுல ஏத்துற கார்பன் டை ஆக்சைடு, நெருப்பையே அணைக்கிற கேஸும்மா. அப்புறம் இன்னா?"

வெள்ளிமலையில் ஒரு கல்யாணத்துக்கு சோடா ஸ்டால் போட ஆர்டர் கிடைத்தது. பேசி வைத்திருந்த லோடு ஆட்டோ காலையில் வரவில்லை. மச்சான் புதுக் காரை எடுத்தார். டிக்கியை மெஷினே அடைத்துக்கொண்டது. சிலிண்டரைப் பின் சீட்டில் படுக்க வைத்தார். ரெகுலேட்டரைக் கழற்றவில்லை, வால்வு மூடியிருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. சீட்டில் கறை படியக் கூடாதென்று பெட்ஷீட் மட்டும் விரித்தார். பாதுகாப்பு ஏற்பாடு அத்துடன் முடிந்தது.

"உருளாம புடிச்சிக்க" என்று என்னை அதன் பக்கத்தில் உட்கார வைத்தார். அக்கா முன் சீட்டில்.

தூசி வரக் கூடாதென்று கண்ணாடிகளை ஏற்றி, நாங்கள் இறக்க முடியாதபடி அவற்றுக்கு லாக் போட்டு, ஏசியை வைத்தார். மலை ரோட்டில் ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. சிலிண்டர் என் பிடியை மீறி உருண்டு கதவில் இடித்தது. உடனே 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

"மச்சான், கேஸ் போவுதுங்க."

"அது ஏசிம்மா. புது வண்டின்னா அப்படித்தான் கேக்கும்."

வால்வை மூடலாமென்றால் அதற்கான சாவி டிக்கியில் கிடந்தது. சோடா குடித்து ஏப்பம் விட்டால் மூக்கில் ஏறுமே ஒரு காரம், அது குடிக்காமலே எனக்கு ஏறியது. ஓடி வந்தவள்போல மூச்சு வாங்கியது. அக்கா கண்ணாடியில் தலையைச் சாய்த்துவிட்டாள்.

"தல சுத்துதுங்க," என்றாள் மெதுவாக.

"காலையில கம்மியா துன்னிருப்ப. மல ஒத்துக்கல."

"கண்ணாடிய இறக்குங்க!" என்று கத்தினேன். தூசி என்றார்.

அடுத்த வளைவில் கார் எதிர்ப்பக்கம் சாய்ந்துகொண்டே போனது. மேலிருந்து இறங்கிய பஸ் ஹாரனை அலறவிட்டது. மச்சான் பிரேக்கை மிதித்தார். "எனக்கும் ஒரு மாதிரியாக்கீது. சுகர் எறங்கிடுச்சி போல" என்று மிட்டாய் தேட ஆரம்பித்தார்.

நான் கதவைத் திறந்து ரோட்டில் விழுந்து எழுந்தேன். அக்காவின் கதவைத் திறந்து இழுத்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கன்னத்தில் தட்டினேன். பஸ்ஸிலிருந்து ஓடி வந்தவர்கள் மச்சானையும் வெளியே இழுத்தார்கள்.

"உள்ள இன்னா வச்சிக்கினு போறீங்க?" என்று கண்டக்டர் கேட்டார்.

"சோடா," என்றார் மச்சான்.

காற்றுப் பட்டதும் அக்கா முழித்தாள், வாந்தி எடுத்தாள். எனக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. வண்டி ஆஃப் ஆகி நின்றிருந்தது. திறந்த கதவு வழியாக 'ஸ்ஸ்' சத்தம் நன்றாகவே கேட்டது.

"ஏசிய யாரு போட்டது மச்சான்?" என்றேன்.

அவர் சிலிண்டரை எடுக்கக் காருக்குள் தலையை விடப் போனார். நானும் கண்டக்டரும் சட்டையைப் பிடித்து நிறுத்தினோம். நான்கு கதவுகளும் திறந்து கிடக்க, சத்தம் தானாக அடங்கும்வரை தள்ளி நின்றோம்.

அக்காவும் நானும் அதே பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். மச்சான் காலி சிலிண்டரோடு மேலே போனார். கல்யாண வீட்டில் எலுமிச்சைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததாகக் கேள்வி.

இப்போது கடையில் சிலிண்டர் சங்கிலி போட்டு நிமிர்ந்து நிற்கிறது. பின்னறையில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஓடுகிறது. இரண்டும் அக்காவின் உத்தரவு. சோடா குடிக்க வருகிறவர்களுக்கு மச்சான் பாடம் நடத்துகிறார்: "அன்னிக்கு நான் டக்குன்னு வண்டிய நிறுத்தலன்னா மூணு பேரும் காலி."

அக்கா கிளாஸ் கழுவிக்கொண்டே சொல்வாள்: "நீங்க நிறுத்தலங்க. பஸ்ஸுக்காரரு நிறுத்துனாரு."