சுண்ணாம்பு பூசிய மடை

ஜக்கம்மாளின் நிலம் எங்கள் ஊரான அகரத்துக்குக் கிழக்கே, செங்குளத்துப் பாசனத்தின் கடைமடையில் இருக்கிறது. ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட், முழுவதும் மல்லிகை. குளத்து மடை விரிசல் விட்டு இரவும் பகலும் ஒழுகிக் குளம் சீக்கிரமே வற்றியதால், 1993, 94, 95 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்த நிலத்துக்கு ஒரு நாள்கூடக் குளத்துத் தண்ணீர் எட்டவில்லை. பாசன விவசாயிகள் சங்கத்தில் அப்போது நான் செயலாளர். ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் எழுந்து நின்று சொன்னது ஒன்றேதான்: “இந்த வருசமும் தண்ணி வரலேன்னா செடியப் புடுங்கிப் போட்டுட்டு மில்லு வேலைக்குப் போயிருவேன்.”

அந்தச் சமயத்தில்தான், ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து தரும் உதவியில் குளங்களைச் சீர்செய்யும் திட்டம் ஒன்று எங்கள் பக்கம் வந்தது. திண்டுக்கல்லில் ஆசிரியையாக இருந்து தொண்டு நிறுவனத்துக்கு மாறிய சகாயசெல்வி, செங்குளத்தின் பெயரையும் பட்டியலில் சேர்த்தார். ஐந்து குளங்களைப் பார்த்து, மோசமாக இருப்பவற்றில் இரண்டை எடுப்பார்கள் என்று சொன்னார். போர்ச்சுகல்லைச் சேர்ந்த மார்த்தா என்ற அம்மையார் பார்வையிட வரும் நாள் 14.2.1996, புதன்கிழமை.

ஜக்கம்மாள் அன்றும் விடியுமுன் பூக்கூடையோடு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு அவர் திரும்பி வந்தபோது கரையில் வாழைமரம் கட்டியிருந்தது. மடைச் சுவரின் விரிசலில் சாக்கும் களிமண்ணும் அடைத்து, மேலே சுண்ணாம்பு பூசி, காவிப்பட்டை அடித்திருந்தது. சங்கத் தலைவர் மொக்கைச்சாமி விடிய விடிய நின்று செய்வித்த வேலை அது. நானும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

“என்ன மாமா இது?” என்று அவரிடம் கேட்டார் ஜக்கம்மாள்.

“விருந்தாளி வாராகத்தா. கிழிஞ்ச பாயவா விரிப்பாக?”

மேலும் பேச நேரமில்லை. பத்து இருபதுக்கு ஜீப் வந்துவிட்டது. மார்த்தா மாலையை வாங்கிக்கொண்டார், இளநீர் குடித்தார், மடையைச் சுற்றிப் பார்த்தார், தாளில் ஏதோ குறித்தார். பிறகு சகாயசெல்வியிடம் சிரித்தபடி ஒன்று சொன்னார். சகாயசெல்வியின் முகம் சுருங்கிவிட்டது.

“என்ன டீச்சர் சொல்லுறாக?” என்று கேட்டார் ஜக்கம்மாள்.

“மடை ரொம்ப நல்லா இருக்காம். இவ்வளவு அக்கறையா வச்சிருக்கிற ஊருக்கு உதவியே தேவையில்லையாம். அடுத்த குளத்துக்குப் போலாங்கிறாங்க.”

“பாத்தியா, நம்ம ஊரப் பாராட்டுறாக!” என்று மொக்கைச்சாமி மீசையைத் தடவினார்.

ஜக்கம்மாள் பூக்கூடையைக் கரையில் வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாழைக்குழி தோண்டிய மண்வெட்டியை எடுத்து மடைக்குள் இறங்கினார். இரண்டு கொத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது. மூன்றாவதில் களிமண் விழுந்தது. சாக்கின் முனையைப் பிடித்து அவர் இழுத்த வேகத்தில் தண்ணீர் பீறிட்டு மார்த்தாவின் முழங்கால்வரை நனைத்தது.

“ஏ ஜக்கம்மா! விருந்தாளி மேல படுதுத்தா!”

“படட்டும் மாமா. எங்க தண்ணி எங்க போகுதுன்னு அவுக காலுக்காச்சும் தெரியட்டும்.”

சகாயசெல்வி இதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். மார்த்தா ஒரு கணம் திகைத்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். காலணியைக் கழற்றிவிட்டு விரிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். முழங்கைவரை உள்ளே போனது. முன்பு எழுதியதை அடித்துவிட்டு, கரையிலேயே உட்கார்ந்து புதிதாக எழுதினார்.

அப்போதுதான் தன் ஊர்க் கதையையும் சொன்னார். அது மலையடிவாரத்துச் சிற்றூராம். ஆற்றுக்குப் பாலம் இல்லாமல் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருந்தார்களாம். ஐரோப்பிய நாடுகள் தத்தம் பங்கைப் பொதுவில் போட்டு, பின்தங்கிய பகுதிகளுக்கு அதிலிருந்து கொடுக்கும் வழக்கத்தால்தான் அங்கே பாலம் வந்ததாம். உள்ளூர்க்காரர்களும் தங்கள் பங்கைப் போட்டாக வேண்டுமாம்.

“நம்ம மொய் மாதிரின்னு சொல்லுங்க” என்றார் ஜக்கம்மாள். “இருக்கவன் இல்லாதவன் எல்லாரும் போடுவான், விசேசம் ஒரு வீட்டுல நடக்கும். சரி டீச்சர், நாங்க என்ன போடணும்?”

“பத்துல ஒரு பங்கு வேலை. வரத்து வாய்க்காலை ஊர் சேந்து தூர்வாரணும்.”

“வீட்டுக்கு ஒரு ஆளு, வாரத்துக்கு ரெண்டு நாளு. மொத ஆளு நானு. ரெண்டாவது மொக்கை மாமா.”

“எனக்குத் தலைமடைத்தா, தண்ணி தானா வருது!”

“விடிய விடிய சுண்ணாம்பு அடிக்கத் தெம்பு இருந்துச்சுல்ல?”

கரை முழுவதும் சிரித்தது. மொக்கைச்சாமியும் சிரித்தார், சிரித்தபின் மறுக்க முடியவில்லை. தூர்வாரல் 3.6.1996இல் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு நாளாக மொத்தம் இருபத்தாறு நாட்கள் நடந்தது. அவர் வராதது இரண்டே நாட்கள். இரண்டும் மகள் கல்யாணத்துக்காக. புதிய மடையும் இரும்பு அடைப்புப் பலகையும் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் முடிந்தன.

9.12.1997, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று நாற்பதுக்குக் கடைமடைக்குத் தண்ணீர் வந்தது. செத்தையும் நுரையுமாக அது வரப்பை எட்டியபோது ஜக்கம்மாள் பூப்பறித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, “வந்திருச்சா? செத்த நேரம் பொறு, இந்தப் பாத்தியப் பறிச்சிட்டு வாரேன்” என்று தண்ணீரிடமே சொன்னார். மில் வேலைப் பேச்சை அதற்குப்பின் அவர் எடுக்கவில்லை. 2002இல் சங்கத் தலைவரானார்.

அதற்கு முந்தைய ஆண்டு மார்த்தா ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார், அவர் ஊர்ப் பாலம். ஜக்கம்மாள் அதை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“அண்ணே, அவுக ஊருல சாக்கப் புடுங்குனது யாராம்? எழுதிக் கேளுங்க.”

எழுதினேன். “என் அம்மா” என்று பதில் வந்தது.