எல்லைக்கல்லைத் தாண்டி வந்த பொலிக்கூடை

ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரித்த வருஷம் அது. சத்தியவேடு பக்கம் எங்கள் ஊர். கல்யாணமாகி வந்து அதிக நாள் ஆகவில்லை, கையில் தலைச்சன் பிள்ளை. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று அதிகாரிகள் வந்து விசாரித்துப் போனதிலிருந்து, தமிழ் வீட்டுக்காரரும் தெலுங்கு வீட்டுக்காரரும் முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊரின் வரலாறு, பூகோளம் எல்லாம் ஒரு நடையில் அடங்கிவிடும். கங்கம்மா ஜாத்திரையன்று காலையில், வேப்பிலையும் குங்குமமும் போட்டுப் பிசைந்த சோற்றைக் கூடையில் எடுத்துக்கொண்டு ஊர் எல்லையைச் சுற்றி வருவார்கள். 'பொலி, பொலி' என்று கூவி வழியெல்லாம் தூவுவார்கள். புளியந்தோப்பு, ஏரிக்கரை, மதகு, அக்கரை வீடுகள், பாறைமேட்டு நாகக்கல், திரும்பக் கோயில். மதகு வந்தால் எந்த வெள்ளத்தில் கரை உடைந்தது என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நாகக்கல் வந்தால், காலராவுக்குப் பயந்து ஊரே அங்கே குடிசை போட்ட கதை வரும். பள்ளிக்கூடம் போகாத நான் ஊரைப் படித்தது அப்படித்தான். சோறு விழுந்த வட்டத்துக்குள் அம்மை வராது என்று நாங்கள் நம்பினோம்.

அந்த அக்கரை வீடுகளில் ஒன்றுதான் எங்களுடையது. நாலைந்து வீடுகள், எல்லாம் தமிழ்க் குடும்பம். எல்லைக்கோடு ஏரிக்கரையோடு போய்விட்டது. ஊர் ஆந்திராவில், நாங்கள் மெட்ராஸில். மதகு பக்கத்தில் புதுக் கல்லும் நட்டாயிற்று. இனிமேல் பொலி அந்தக் கல்லோடு திரும்பிவிடும் என்று ஊரில் பேச்சு அடிபட்டது. அந்த வருஷம் பார்த்து அடுத்த ஊரில் அம்மை போட்டிருந்தது. பிள்ளையின் உடம்பு லேசாகச் சுட்டாலே எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

கூடை தூக்குவது ஒரு தெலுங்குக் குடும்பத்தின் உரிமை. அப்போது தூக்கியவரை ஊரே மாமா என்று கூப்பிடும். ஊர் ஆந்திராவுக்குத்தான் போகவேண்டும் என்று விசாரணையில் தொண்டை கிழியப் பேசியவரே அவர்தான். கோடு விழுந்த அன்று அவர் மீசை முறுக்கியதைப் பார்க்க வேண்டுமே! அவராவது கல்லைத் தாண்டுவதாவது என்று நாங்கள் ஆசையை விட்டுவிட்டோம்.

ஜாத்திரையன்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். கூப்பிடு தூரத்தில் ஏரிக்கரை. மேளம் மதகு வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

"எதுக்கு பாத்துக்கினு நிக்கிற? உள்ள போ" என்றார் என் வீட்டுக்காரர். சொன்னவரும் உள்ளே போகவில்லை.

கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். "மாமா, கல்லு வந்திடிச்சி, திரும்பு. அது இப்ப வேற ராஷ்டிரம்!"

மாமா திரும்பவில்லை. கூடை தூக்கியவர் பின்னால் பார்க்கக் கூடாது என்பது முறை. நேரே எங்கள் வீடுகளைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான்தானே கேட்டு வாங்கினேன், எனக்குத் தெரியாதா? தாலூகா ஆபீஸ்ல என் பாஷை வேணும்னு கேட்டேன். அந்த வூட்டுப் பசங்க வேணாம்னு எப்பய்யா கேட்டேன்? நடங்க!"

சொல்லிவிட்டுக் கல்லைத் தாண்டி இறங்கி நடந்தார். கூடையைத் தனியாக விடக்கூடாதே, மேளமும் கூட்டமும் பின்னாலேயே வந்தன. கல்லைத் தாண்டியதும் வழக்கத்தைவிட உரக்கக் கூவினார், "பொலி, பொலி!"

எங்கள் வாசலில் ஒரு கைக்குப் பதில் இரண்டு கை சோறு விழுந்தது. கூடையில் ஒட்டியிருந்த குங்குமத்தை விரலில் எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் வைத்தார்.

"பேரு வச்சிட்டீங்களாம்மா?" விசாரணைக்குப் பிறகு எங்கள் வீட்டோடு அவர் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு அழுகைதான் வந்தது. என் வீட்டுக்காரர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலில் ஊற்றினார்.

அம்மை எங்கள் பக்கம் வரவில்லை. பொலியா, அப்புறம் வந்து குத்திய தடுப்பூசியா, எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. திருப்பதியில் அவனோடுதான் இருக்கிறேன். ஜாத்திரைக்கு ஊருக்குப் போனால், பொலிக்கூடை இன்றும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் போகிறது. கேட்டதை வாங்கி ஜெயித்த பிறகும், எங்களை வெளியே விட்டுவிட்டுத் திரும்ப மனசு வராமல் வாசல் வரை வந்து நின்ற அந்த மாமாவை நினைக்கும்போதெல்லாம், என் கை இப்போதும் தானாகக் குவிகிறது.