பேத்தமங்கலத்துக் கீரை

தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு ஏகாம்பரம் மாரிகுப்பத்துத் தொழிலாளர் லைன் வீட்டின் பின்புறத்தில் அரைக்கீரை விதைத்தார். பாறையை மட்டுமே வெட்டிப் பழகிய கைதான். ஆயினும் கீரை தளதளவென்று வந்தது. அது விலைபோனால் ஊரிலேயே இருக்கலாம். போகாவிட்டால் பெங்களூரில் மருமகன் பார்த்துவைத்த வாட்ச்மேன் வேலைதான்.

ராபர்ட்சன்பேட்டை ஞாயிற்றுச் சந்தையில் கோணி விரித்து உட்கார்ந்தார். வந்தவர்கள் எந்த ஊர்க் கீரை என்று கேட்டார்கள். மாரிகுப்பம் என்றதும் எடுத்த கீரைக்கட்டை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். காற்றடித்தால், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டுத் தூசி அங்கே சோற்றிலும் விழும் என்பது ஊரறிந்த செய்தி.

பக்கத்தில் தக்காளி விற்ற எல்லம்மா பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "பேத்தமங்கலம்னு சொல்லுண்ணா. ஏரித்தண்ணிக் கீரைன்னா அள்ளிக்கினு போவாங்க."

அடுத்து வந்த டீச்சரம்மாவிடம் அவர் அப்படியே சொன்னார். அந்த அம்மாள் நான்கு கட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டார். அந்நேரம் பார்த்து, சுரங்கத்தில் ஏகாம்பரத்தோடு ஒரே ஷிப்டில் கேஜ் கூண்டில் ஏறி இறங்கிய கன்னியப்பன் வந்து சேர்ந்தான்.

"இன்னா மாமா, பேத்தமங்கலத்துக்கு எப்போ வூடு மாத்துனே? காலையில நம்ம லைன் கொயாயில பல்லு வெளக்கினு இருந்தது யாரு, உன் தம்பியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீச்சரம்மா கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோணியில் வைத்தார். "உண்மையைச் சொல்லியிருக்கலாமே."

"காலையிலேர்ந்து அதத்தாம்மா சொன்னேன்."

கன்னியப்பனின் முகம் தொங்கிவிட்டது. "தமாசுக்குச் சொன்னேன் மாமா."

"பரவால்ல. நீயாச்சும் எடுத்துக்கினு போ. சும்மாவே குடுக்கறேன்."

கன்னியப்பன் கையை நீட்டவில்லை. "வூட்ல பேரப்புள்ளைங்க கீதுங்க மாமா" என்றான்.

அடுத்த வீட்டுக்காரன் அவன். ஏகாம்பரம் மேற்கொண்டு யாரையும் கூவி அழைக்கவில்லை. மறுநாள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் புறப்பட்டார்.