பட்டன் தைத்த கவர்களும் ஒரு ரெக்கார்டு அலமாரியும்

1. கோட்டைக் காணோம்

விஜயதசமி அன்று காலை பட்டறை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். போன் அடித்தது. ராமநாதன் சார்.

“காசிம், என் அலமாரியை யாரு மாத்தினது?”

எப்போதும் “காசிம் பாய், டீ ஆச்சா?” என்று ஆரம்பிக்கிற மனுஷன். அன்றைக்கு டீயும் இல்லை, பாயும் இல்லை.

“யாரு சார் மாத்துவாங்க? போட்ட இடத்துலதானே இருக்கு?”

“கோட்டைக் காணோம். கை வெச்சா வழுக்கிட்டுப் போகுது. கவரெல்லாம் ஏதோ பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. இது என் ரெக்கார்டே இல்ல காசிம். யாரோ எல்லாத்தையும் எடுத்துட்டு வேற எதையோ வெச்சிருக்காங்க. கேக்கலாம்னா அக்காவும் கோயிலுக்குப் போயிருக்கா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாருக்குப் பிறவியிலிருந்தே கண் பார்வை கிடையாது. ஒரு பேங்கில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ரிடையர் ஆனவர். அஸ்தினாபுரத்தில் வீடு. பழைய கிராமபோன் ரெக்கார்டுகள்தான் அவருக்கு உயிர். அதற்கு அலமாரி செய்து கொடுத்தவன் நான். மேற்குத் தாம்பரத்தில் எனக்கு மரப் பட்டறை. கதவு இழுக்கிறது, டிராயர் சிக்கிக்கொண்டது என்று எத்தனையோ போன் வந்திருக்கிறது. கோட்டைக் காணோம் என்று யாரும் கூப்பிட்டதில்லை.

ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தேன். அந்தக் கோடு என்ன கோடு என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

2. கைக்கு இடம் விடணும்

போன வருஷம் சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பியபோது அவர் மனைவி சரோஜா மேடம் தவறிப்போய் ஆறேழு மாதம் ஆகியிருந்தது. ரெக்கார்டுகள் எல்லாம் அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. பெட்டிகள் அடி பிய்ந்துகொண்டு வந்தன.

“புக் ஷெல்ஃப் மாதிரிதானே சார், அடிச்சிடலாம்” என்றேன்.

“முதல்ல அந்தப் பெட்டியைத் தூக்கிப் பாருங்க.”

தூக்கினேன். யா அல்லா! இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒன்றைக் கையில் எடுத்தால் அப்பளம் போல இருக்கிறது, சேர்த்துத் தூக்கினால் அம்மிக்கல். மூன்றடி நீளத்துக்குப் பலகை போட்டிருந்தால் ஆறே மாதத்தில் நடுவில் தொய்ந்திருக்கும். அங்கேயே பிளானை மாற்றினேன். முக்கால் இஞ்ச் பிளைவுட், ஒன்றரை அடிக்கு ஒரு நடுத்தடுப்பு, முன்விளிம்பு முழுக்கத் தேக்குச் சட்டத்தில் பீடிங்.

அளவெடுக்க ஒரு கவரைக் கேட்டேன். உருவிக் கொடுத்தார். மேல் மூலையில் ஒரு சட்டை பட்டன் தைத்திருந்தது. அடுத்த கவரில் பெரிய கோட்டு பட்டன். அதற்கடுத்ததில் ஜாக்கெட் ஹூக். இன்னொன்றில் கெட்டி நூலில் இரண்டு முடிச்சு. நான் விழித்தேன்.

“என்ன சார் இது, டைலர் கடையா?”

சிரித்தார். “சரோஜா வேலை. அவளுக்கு பிரெய்ல் தெரியாது, எனக்கு அச்செழுத்து தெரியாது. ரெண்டு பேருக்கும் பொதுவா பட்டன். ரெக்கார்டு வட்டம், கவர் சதுரம். மூலை சும்மாதானே இருக்கு? அங்க தெச்சா ரெக்கார்டுல படாது. எது எந்தப் பாட்டுன்னு விரலைத் தடவினா போதும்.”

அந்த அம்மாவின் மூளையை நினைத்து அசந்துபோனேன். பட்டனை விரல் தொட வேண்டும் என்பதால் கவருக்கு மேலே ஒரு கை நுழைகிற அளவுக்கு இடம் விடச் சொன்னார் சார். இடம் வேஸ்ட் என்று வாதாடிப் பார்த்தேன். மசியவில்லை. கண்ணாடிக் கதவு போடலாமா என்று கேட்டேன்.

“வேணாம். திறந்து வெச்சுட்டு நானே போய் மோதிப்பேன்.”

“ரோட்டுத் தூசி பூரா அடையும் சார்.”

“அடையட்டும்.”

கடைசியில் பள்ளம் போடுகிற ரூட்டர் மெஷினால் மேல்தட்டின் முன்விளிம்பில் ஒரு கோடு, நடுத்தட்டில் இரண்டு, கீழ்த்தட்டில் மூன்று என்று பள்ளம் இழுத்தேன். எந்தத் தட்டில் கை இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டுமே. சார் விரலை ஓட்டிப் பார்த்து, “ஒண்ணாம் பிளாட்பாரம், ரெண்டாம் பிளாட்பாரம்” என்று தாம்பரம் ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி குரல் கொடுத்தார். அந்தக் கோடுகளைத்தான் இப்போது காணோம்.

3. சந்தனம்

கதவைத் திறந்தது பத்மா அக்கா, அப்போதுதான் கோயிலிலிருந்து திரும்பியிருந்தார். சாரின் கூடப் பிறந்த மூத்தவர். தம்பி தனியாகக் கிடக்கிறானே என்று இரண்டு மாதத்துக்கு முன்புதான் திருச்சியிலிருந்து வந்து தங்கியிருந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“வாங்க காசிம்! உங்க அலமாரி எப்படி மின்னுது பாருங்க!”

பார்த்தேன். மின்னத்தான் செய்தது. தட்டுகளின் விளிம்பு நெடுகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். நான் இழுத்த பள்ளம் அத்தனையிலும் சந்தனம் இறங்கி, பெயின்டுக்கு முன்னால் புட்டி அடைத்த மாதிரி காய்ந்து கிடந்தது. ஆயுத பூஜைக்கு என் பட்டறையில்கூடப் பையன்கள் ரம்பத்திலிருந்து ரூட்டர் வரை பொட்டு வைப்பார்கள், நானும் பொரி வாங்கிக் கொடுப்பேன். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ரெக்கார்டுகள்? அத்தனையும் புத்தம்புது பிளாஸ்டிக் கவரில், உயரவாரியாக, ராணுவ அணிவகுப்பு போல நின்றன. ஒரு பட்டன் கண்ணில் படவில்லை.

சார் நாற்காலி நுனியில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, பழைய கவரெல்லாம் எங்க?” என்று கேட்டேன்.

“அதையா கேக்கறீங்க? ஒரே தூசி. எல்லாம் கிழிஞ்சு, அதுல யாரோ பழைய பட்டனை வேற தெச்சு வெச்சு, அசிங்கமா இருந்தது. இவன் வண்டலூர்ல சிநேகிதன் வீட்டுக்குப் போயிருந்தானா, சரி, பூஜைக்குள்ள முடிச்சுடலாம்னு ஆன்லைன்ல புதுக் கவர் வாங்கி மாத்திட்டேன். நேத்து வந்ததும் தொடப் போனான். பூஜையில வெச்சதை இன்னைக்குத் தொடக்கூடாது, நாளைக்கு எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன்.”

“பழைய கவர் எங்கக்கா?”

“பேப்பர்காரன்கிட்டப் போட்டாச்சு.”

சார் தலையை நிமிர்த்தினார். “அக்கா, அந்தப் பட்டன்லதான் நான் படிப்பேன். சரோஜா தெச்சது.”

அக்காவின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ரத்தம் சுண்டிப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். “நீ பாட்டுக்கு எடுக்கற, போடற. எப்படி எடுக்கறேன்னு நான் ஒரு நாளும் யோசிக்கலையேடா” என்றார். எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிடுகிற வயதில் இருக்கிற பெண்மணியைத் திட்டவா முடியும்?

“எந்தக் கடைக்காரன்? ஏறுங்க வண்டியில” என்றேன்.

4. லாரி

பட்டுப்புடவையோடு பத்மா அக்கா என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார். மெயின் ரோட்டுப் பழைய பேப்பர் கடைக்குப் போனால் வாசலில் லாரி நிற்கிறது. பாதி ஏற்றியாயிற்று. நேராகப் போய் லாரி முன்னால் வண்டியை நிறுத்தினேன்.

கடைக்காரர் ஓடிவந்தார். “இன்னா பாய், காலங்காத்தால பேஜார் பண்ற? லோடு ஏத்திக்கினு கீறோம்ல?”

“ரெக்கார்டு கவர் கட்டு ஒண்ணு வந்துச்சே, பட்டன் தெச்சது?”

“அட்டையா? அட்டை பூரா உள்ள போயாச்சு. நேத்து பூஜை, லாரி வர்ல. இல்லாங்காட்டி நேத்தே போயிருக்கும்.”

அவர் பேசி முடிப்பதற்குள் அக்கா லாரியின் பின்பலகையில் காலை வைத்துவிட்டார். “ஏம்மா, ஏம்மா, விழுந்துடுவ!” என்று கடைக்காரர் அலற, அக்கா காதில் வாங்கவில்லை. அட்டைக் குவியலில் முழங்கால் வரை இறங்கி இரண்டு கையாலும் தோண்டினார். தோண்டும்போது சத்தமில்லாமல் அழுதார். கடைக்காரர் ஒரு நிமிஷம் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் ஏறினார்.

கட்டு அடியில் இருந்தது. சணல்கூடப் பிரியவில்லை. அக்கா அதை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

5. ஒரு பட்டன்

கூடத்தில் பாயை விரித்தோம். அக்கா ரெக்கார்டின் லேபிளைப் படிக்க, நான் அந்தப் பெயருள்ள கவரைத் தேடிக் கொடுக்க, சார் மூலையைத் தடவிப் பார்த்துத் தட்டில் சொருகினார். கவர் ஒவ்வொன்றாகக் கைக்கு வர வர அவர் முகத்தில் உயிர் வந்தது. நடுவில் நான் பழைய டூத் பிரஷ்ஷால் பள்ளத்திலிருந்த சந்தனத்தைச் சுரண்டினேன்.

கடைசியில் ஒரு கவர். மூலையில் பட்டன் இல்லை, முடிச்சு இல்லை, ஒன்றுமே இல்லை.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். பட்டன் விழுந்துவிட்டது! சாரிடம் எதுவும் சொல்லாமல் கவரைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று பொய் சொல்லிக் கிளம்பினேன். லாரி போயிருந்தது. கடைத் தரையில் மண்டிபோட்டு, ஆணியும் சோடா மூடியுமாக அள்ளிப் பார்த்தேன். “பட்டனுக்கா வந்த?” என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அவரும் தேடினார். கிடைக்கவில்லை. என்ன பட்டன் என்று தெரிந்தால் வேறொன்று வாங்கித் தைக்கலாம். அதுவும் தெரியாது.

திரும்பி வந்து, இனி மறைக்க முடியாது என்று கவரைச் சார் மடியில் வைத்தேன்.

“சார், மன்னிச்சுக்கோங்க. இதுல இருந்த பட்டன் எங்கயோ விழுந்துடுச்சு. கடை பூரா தேடிட்டேன்.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சார் மூலையைத் தடவினார். நான்கு மூலையையும் தடவினார். பிறகு, அன்று முழுக்கச் சிரிக்காத மனுஷன், கடகடவென்று சிரித்தார்.

“இதுல ஏது பட்டன்? இது அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது காசிம் பாய். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்னைக்கே சண்டை. ‘இந்தக் கத்தலுக்கெல்லாம் நான் தெச்சுத் தர மாட்டேன், நீயே தேடிக்கோ’ன்னுட்டா. மொத்தத்துல பட்டன் இல்லாதது இது ஒண்ணுதான். அதனால எப்பவும் இதுதான் எனக்கு முதல்ல கிடைக்கும்.”

சிரித்துக்கொண்டே இருந்தவரின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

பத்மா அக்கா மெதுவாகக் கேட்டார். “ராமு, அதுக்கு நான் ஒரு பட்டன் தெச்சுத் தரட்டுமாடா?”

“வேணாங்க்கா. அது அவ வேணாம்னு விட்டது.”

அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு, அந்தக் கவரைத் தானே கொண்டுபோய்ச் சொருகினார். சொருகுவதற்கு முன் எந்தத் தட்டு என்று கேட்டுக்கொண்டார்.

இப்போது நான் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனால் டேப்பைப் பையிலேயே விட்டுவிட்டு, அந்த வீட்டார் சாமானை எப்படி எடுக்கிறார்கள், எப்படி வைக்கிறார்கள் என்று முதலில் பார்க்கிறேன். பழைய அலமாரியைப் பிரிக்கும்போது கோணலாக ஒரு ஆணி நின்றால்கூட, கேட்காமல் பிடுங்குவதில்லை. யாராவது ஏதோ நினைத்து அடித்திருப்பார்கள்.