இடிக்கக் கூடாத சுவர்

ரியாத்தில் தை மாதக் காலையில் பல் தந்தியடிக்கும் என்று ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பாலைவனத்தில் குளிரா, சும்மா அளக்காதே என்பார்கள். இன்னொன்று சொன்னால் அடிக்கவே வருவார்கள். ஆனி ஆடியில் ஐஸாக ஊதிய அதே ஏசி, ஒரு குமிழைத் திருப்பினால் இப்போது கதகதவென்று வெக்கையை ஊதுகிறது. ஹீட் பம்ப் என்று பெயர். உள்ளே கம்பி ஏதும் பழுக்கக் காய்வதில்லையாம். வெளியே அடிக்கிற குளிர்காற்றிலும் கொஞ்சம் சூடு இருக்கும், அதை இழுத்து உள்ளே விடுகிறது என்று எங்கள் கம்பெனி கேம்பின் மெக்கானிக் விளக்கினார். எனக்கு இன்றுவரை முழுசாகப் புரியவில்லை. நாங்கள் நான்கு பேர் தங்கும் கேம்ப் அறையில் இருந்த ஒரே ஜன்னலை அந்த மெஷின் அடைத்துக்கொண்டிருக்கிறது. விடிந்துவிட்டதா என்று பார்க்கக் கதவைத்தான் திறக்க வேண்டும்.

போன லீவுக்கு இதே மாதிரி ஒன்றைத்தான் மதுரை திருநகர் வீட்டுக்கு வாங்கினேன். கல்யாணமான புதிதில் நான் கொண்டுபோய் வைத்த பழைய ஏசி கிழடாகி, லோ வோல்டேஜில் முக்கி முனகி, குளிரை மறந்து சத்தத்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. மனைவி செல்வி அப்போது ஆறு மாதக் கர்ப்பம். அக்னி நட்சத்திர வெயிலில் அவள் நிம்மதியாகத் தூங்குவதை ஒருநாளாவது பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுவது என்று எனக்குள் ஒரு வைராக்கியம். ரியாத் கடைக்காரன், "உங்கள் நாட்டில் குளிர்காலம் உண்டா?" என்று கேட்டான். பாலைவனத்தான் கேட்கிறானே என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் இல்லை? மார்கழியில் நடுங்கும்" என்று தெரிந்த அரைகுறை அரபியில் அளந்தேன். பாவம், இவனுக்குச் சூடும் வேண்டும்போல என்று, இருப்பதிலேயே பெரிய ஹீட் பம்பைத் தலையில் கட்டிவிட்டான். மதுரைக்கு ஹீட்டர்! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

திருநகரில் பழைய ஏசி உட்கார்ந்திருந்த சுவர் ஓட்டையை அளந்து பார்த்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "அண்ணே, ஓட்டை பத்தாதுண்ணே. ரெண்டு பக்கமும் நாலு விரக்கடை இடிக்கணும்." இடிக்கணும் என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "மாசமா இருக்குற புள்ள உள்ள வீட்டுல செவத்துல உளி படக் கூடாதுப்பா. ஆணிகூட அடிக்கக் கூடாது. நீ பாட்டுக்கு இடிச்சுப்புட்டு ஏரோப்ளேன் ஏறிருவ. நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" இந்தக் காலத்தில் போய் என்று நாலு வார்த்தை பேசிப் பார்த்தேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான், அதை எங்கே போய்ச் சொல்ல? "எங்க வீட்டுலயும் விட மாட்டாகண்ணே" என்று மெக்கானிக் ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே பழைய ஏசியும் மூச்சை நிறுத்திக்கொண்டது. குளிர் வெளியே போய்விடக் கூடாதென்று அந்த அறையின் இரண்டு ஜன்னல்களையும் செங்கல் வைத்துப் பூசியிருந்தோம். இப்போது அதையும் பெயர்க்க வழியில்லை. மொட்டைமாடியில் படுக்கலாமென்றால், மாசமானவளைக் காத்து கருப்பு அண்டும் என்று அம்மா விடவில்லை. ஹால் முழுக்க என்னைப் பார்க்க வந்த உசிலம்பட்டிச் சொந்தங்கள். புது மெஷினின் அட்டைப்பெட்டி மேல் டம்ளரை வைத்துவிட்டு, "ஏன் மாப்ள, இம்புட்டுத் தூரம் தூக்கியாந்தது காப்பி குடிக்கவா?" என்று சிரித்தார்கள். உள்ளே செல்வி ஈரத்துண்டை மேலே போட்டுக்கொண்டு கிடந்தாள். லீவு கரைந்துகொண்டிருந்தது. இந்த வேக்காட்டில் இவளை விட்டுவிட்டுப் போகப்போகிறோமே என்று பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் செல்விதான் கேட்டாள். "அத்தை, இடிக்கக் கூடாது, சரி. பழசை உருவலாம்ல?"

அம்மா அந்த மெஷினைச் சுற்றிலும் சுவரைத் தடவிப் பார்த்தாள். "உளி படாம உருவுனா உருவிக்கங்க."

திருகுகளைக் கழற்றி இழுத்ததும் அந்தக் கிழட்டு மெஷின் கையோடு வந்தது. அது இருந்த இடத்தில் வெளிச்சமும் வேப்பமரக் காற்றும் திருமங்கலம் ரோட்டு பஸ் ஹாரனும் உள்ளே வந்தன. செல்வி அந்தச் சதுரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய், "ஆத்தாடி, தெரு தெரியுதுங்க!" என்றாள். அன்றைக்குத்தான் அசந்து தூங்கினாள். நான் கொண்டுவந்த எதுவும் அவளுக்கு ஆகவில்லையே என்று எனக்கு ஒரு பக்கம் அழுகை வந்தது. மறுநாள் டாக்ஸியில் ஏறும்போது அந்த ஓட்டைக்குள் அவள் முகம் மட்டும் தெரிந்தது. "வாரேன்" என்றேன்.

பையனுக்கு இப்போது ஐந்து மாதம். இனி இடிக்கலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். ஆனால் தாய்வீட்டிலிருந்து திருநகருக்குத் திரும்பியதும் செல்வி பேசி அனுப்பிய கேசட் போன வாரம் வந்தது. "மெஷினு பெட்டியிலயே கெடக்கட்டுங்க. இவன் அந்த ஓட்டையைப் பாத்துக்கிட்டேதான் பால் குடிக்கிறான். அன்னைக்கு உங்களை அதுவழியாத்தானே பாத்தேன், அதைக் காட்டித்தான் அப்பான்னு சொல்லிக் குடுக்குறேன். அப்பா எங்கடான்னா அங்கதான் திரும்புறான்." பின்னால் ஒரு சின்னச் சிணுங்கல். இங்கே எங்கள் மெஷின் இரைச்சலில் அது சரியாகக் கேட்கவில்லை. எழுந்துபோய் அணைத்துவிட்டு டேப்பைத் திருப்பி ஓட்டினேன். "குளிருதுப்பா, போடு" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. போட்டேன். உடம்பில் பாதி அறைக்குள்ளும் பாதி வெளிக்குளிரிலுமாக அது மறுபடி உறுமத் தொடங்கியது. அங்கே என் பிள்ளை அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதற்கு நேர் எதிரேதான் நான் நிற்கிறேன். என் பக்கத்தை மெஷின் அடைத்திருக்கிறது.