ரஜாய்ப் பெட்டியில் ஒரு விண்வெளிப் பயணம்

ஏழு வயதில் நான் விண்வெளிக்குப் போய் வந்திருக்கிறேன். ஆபீசில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிற மாதிரிதான் சொல்வேன், பாதியில் நிறுத்திவிடுவேன். முழுவதையும் கேட்டது என் மனைவி மட்டும். கேட்டு முடித்ததும் அவள் எழுந்து போய் எங்கள் வீட்டு திவான் கட்டிலின் பலகையைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு வந்தாள். எங்கள் பையன் எதிரில்தான் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தான். இருந்தும் பார்த்துவிட்டு வந்தாள்.

அப்போது நாங்கள் சரோஜினி நகரில் ஓர் அரசாங்கக் குடியிருப்பின் பின்பக்க அறையில் இருந்தோம். நாங்கள் என்றால் மாமா, அத்தை, நான். மாமா என் அம்மாவின் தம்பி, அத்தை அவர் மனைவி. திருநெல்வேலியிலிருந்து வந்து ஓக்லாவில் ஒரு கம்பெனியில் மாமா கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வீடு எங்களுடையதல்ல. ஏதோ ஓர் அமைச்சகத்தில் வேலை பார்த்த கும்பகோணத்துக்காரருக்கு அரசாங்கம் கொடுத்த வீடு அது. அவரும் அவர் மனைவியும் முன்பக்கம் இருந்துகொண்டு பின் அறையை எங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார்கள். சட்டப்படி அது கூடாது. கூடாது என்பது காலனியில் எல்லோருக்கும் தெரியும், பாதி வீடுகளில் அதுதான் நடந்துகொண்டும் இருந்தது. பிடிபட்டால் அவருக்கு வீடு போகும், எங்களுக்கு இருக்க இடம் போகும்.

பிடிக்க வருகிறவர்களுக்கு 'செக்கிங்' என்று பெயர். அவர்கள் மனிதர்களை எண்ணமாட்டார்கள், அடுப்பை எண்ணுவார்கள். சொந்தக்காரர், விருந்தாளி என்று யாரை வேண்டுமானாலும் சொல்லிச் சமாளிக்கலாம். ஒரே வீட்டில் இரண்டு கேஸ் அடுப்பு இருந்தால் சமாளிக்க முடியாது. அதனால் எங்கள் வீட்டில் ஓர் ஒத்திகை உண்டு. செக்கிங் என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தை அடுப்பைக் கழற்றித் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பஞ்சாபி ஆன்ட்டி எதுவும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்வார். நான் பார்க்கில் போய் விளையாட வேண்டும், அத்தை வந்து கூப்பிடும்வரை வரக்கூடாது. இது அத்தையின் திட்டம்.

மாமாவிடம் வேறொரு திட்டம் இருந்தது. அது அத்தைக்குத் தெரியாது.

பள்ளியில் எல்லோருக்கும் அப்பா அம்மா இருந்தார்கள், எனக்கு மாமா அத்தை இருந்தார்கள். அது ஏன் என்று மாமாவை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மாவும் அப்பாவும் இருக்கும் படம் ஒன்று பீரோவுக்குள் இருந்தது. அதற்கு மாலை கிடையாது, பொட்டு கிடையாது. செத்துப்போனவர்கள் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள் என்பது கூட்டாளிகளின் வீடுகளில் பார்த்து எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அவர்கள் எங்கோ இருக்கிறார்கள். எங்கே என்பதுதான் கேள்வி.

நிலவுக்கு நம் நாட்டு ராக்கெட் கிளம்பியதை டிவியில் காட்டிய அன்று மாமா வசமாக மாட்டிக்கொண்டார். நெருப்பைக் கக்கிக்கொண்டு அது மேலே போவதைப் பார்த்து நான் வாய் பிளந்திருந்தபோது, அவர் சட்டென்று சொன்னார்: "ஒங்கப்பாவும் அம்மையும் இப்படித்தாம்ல போனாக. நெலாவத் தாண்டி, ரொம்ப தூரம்."

"என்னய ஏன் விட்டுட்டுப் போனாக?"

பாவம், மாமா அதை யோசித்து வைத்திருக்கவில்லை. டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "வெரட்டிக்கிட்டு வந்தாங்கல்லா," என்றார். "ஒன்னயாவது காப்பாத்தணும்னு எங்கிட்டக் குடுத்துட்டுப் போனாக."

அதன்பின் கதை தானாக வளர்ந்தது. விரட்டுகிறவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் யார் என்று யாரிடமும் சொல்லக்கூடாது. நேரம் வரும்போது நானும் அங்கே போகலாம். எதில் போவது என்று நச்சரித்தேன். மாமா தான் உட்கார்ந்திருந்த திவானைத் தட்டிக் காட்டினார். டில்லி வீடுகளில் கட்டிலும் அதுதான், பெட்டியும் அதுதான். மேலே மெத்தை, மெத்தைக்கு அடியில் பலகை மூடி, மூடிக்கு அடியில் கோடை முழுக்க ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகள் கிடக்கும். "இதாம்ல கப்பல். ரொம்பப் பக்கத்துல வந்துட்டாங்கன்னா ஏறிக்கிடணும்."

சோற்றுக்கு அடம்பிடிக்கும் பிள்ளையிடம் பூச்சாண்டி என்பார்களே, அந்த மாதிரிதான் சொல்லியிருக்கிறார். எனக்கோ அது வேதவாக்கு. விரட்டுகிறவர்கள் யார் என்று கண்டுபிடிக்க எனக்குப் பெரிய மூளை வேண்டியிருக்கவில்லை. யார் பெயரைக் கேட்டால் அத்தையின் முகம் வெளுக்கிறதோ அவர்கள்தான்.

அவர்கள் குளிர்கால விடுமுறையில் ஒரு நாள் முற்பகலில் வந்தார்கள். அத்தை வெயிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நான் உரித்ததைத் தின்றுகொண்டிருந்தேன். காய்கறி வண்டிக்காரர் தன் வழக்கமான கூவலை விட்டுவிட்டு, "பாபிஜி, செக்கிங் வாலே ஆ கயே!" என்று, செக்கிங் வந்துவிட்டதை எங்கள் வாசல் பக்கம் ஒரு குரலில் சொல்லிவிட்டுப் போனார். அத்தை மடியிலிருந்த பட்டாணியெல்லாம் உருண்டோட எழுந்து அடுப்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். "பார்க்குக்குப் போலே, ஓடு!" என்று கத்தியது மட்டும் கேட்டது.

நான் பார்க்குக்குப் போகவில்லை. குளிர்காலமாதலால் ரஜாயெல்லாம் வெளியே வந்து, திவானின் வயிறு காலியாக இருந்தது. மெத்தையின் ஓரத்தை மடக்கி, பலகையில் விரல் விடும் ஓட்டையைப் பிடித்துத் தூக்கி, உள்ளே நழுவிப் படுத்தேன். பலகை விழுந்தது, அதன்மேல் மெத்தையும் விழுந்தது. நல்ல இருட்டு. அந்துருண்டை வாசனை. பத்திலிருந்து தலைகீழாக எண்ணிக் கப்பலைக் கிளப்பினேன். எனக்குக் கொஞ்சமும் பயமில்லை.

வந்தவர்கள் இரண்டு பேர். இதெல்லாம் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது. கும்பகோணத்துக்காரரின் மனைவி, வீட்டுக்கார மாமிக்குத் தன் காபியின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. அதைக் குடித்த எந்த அதிகாரியும் கடுமையாக எழுதமாட்டான் என்பாள். அவர்களை எங்கள் அறைக்கே அழைத்து வந்து, இது விருந்தினர் அறை என்று சொல்லி, "பைட்டியே, பைட்டியே" என்று உபசரித்து உட்காரவைத்தாள். அந்த அறையில் உட்கார இருந்தது திவான் ஒன்றுதான்.

பலகை முனகிக்கொண்டு என் மூக்குக்குப் பக்கத்தில் இறங்கியது. ராக்கெட் மேலே ஏறும்போது எல்லாம் கனக்கும் என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். சரியாகத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வியர்க்கத் தொடங்கியது. வெளியே பற்கள் கிட்டிக்கிற குளிர், எனக்குக் கழுத்தெல்லாம் ஈரம். வாயைத் திறந்து திறந்து மூச்சிழுத்தேன், போதவில்லை. காதுக்குள் ஏதோ இரைந்தது. பலகையை முட்டிப் பார்த்தேன், அசையவில்லை. தட்டலாம் என்று கையைத் தூக்கினேன்.

அப்போதுதான் மேலே என்னைப் பற்றிப் பேச்சு வந்தது. கம்பியில் காய்ந்துகொண்டிருந்த என் ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு, இது யாருடையது என்று ஒருவர் இந்தியில் கேட்டார். விடுமுறைக்கு மெட்ராஸிலிருந்து வந்திருக்கும் பேரனுடையது என்றாள் வீட்டுக்கார மாமி. மெட்ராஸ் பையனுக்கு ஸ்வெட்டர் எதற்கு, அதிலும் இந்தப் பேட்டைப் பள்ளியின் முத்திரை எதற்கு என்று அவர் கேட்டதும் மாமியின் குரல் அடங்கிவிட்டது. என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அடுப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்திருந்த அத்தை அந்த இடத்தில் பேசினாள். அத்தைக்குத் தெரிந்த இந்தி காய்கறி வாங்குவதோடு சரி. அந்த இந்தியில் அவள் சொன்னாள்: "சாப், பச்சா மேரா நஹீ. இஸ்கா மா நஹீ, பாப் நஹீ. தோனோ மர் கயா."

பிள்ளை என்னுடையது இல்லை, இவன் அப்பாவும் அம்மாவும் செத்துவிட்டார்கள் என்கிறாள். பஸ் கவிழ்ந்தது, அதில் இவனும் இருந்தான், இரண்டு வயது, இவன் மட்டும் பிழைத்தான். இவனைக் கூட்டிக்கொண்டு நாங்கள் எங்கே போவோம் என்று கேட்டாள். இந்திச் சொல் கிடைக்காத இடங்களில் தமிழையே போட்டுச் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள்.

நான் பெட்டிக்குள் அசந்துபோனேன். கொத்தமல்லிக் கட்டுக்கு நாலு காசு பேரம் பேசத் தெரியாத அத்தை, இத்தனை பிரமாதமாகப் பொய் சொல்வாள் என்று யார் கண்டது! அவர்கள் செத்துவிட்டார்கள் என்று இவர்கள் நம்பிவிட்டால் தேடுவதை விட்டுவிடுவார்கள். மாமாவுக்குக்கூட இது தோன்றவில்லையே. இந்த நேரம் பார்த்து நான் சத்தம் போட்டால் எல்லாம் பாழாகிவிடும்.

தட்டத் தூக்கிய கையை நான் கீழே இறக்கி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டேன்.

மேலே ஓரடி உயரத்தில் என்னைக் காப்பாற்ற அத்தை அழுதுகொண்டிருக்கிறாள். அவளுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு நான் கீழே மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருக்கிறேன். இரக்கப்பட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த இரண்டு பேரும் என் மேலேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் நல்லவர்கள். மார்ச் பரீட்சை முடியட்டும், அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். அந்த நிம்மதியில் வீட்டுக்கார மாமி அவர்களை எழுந்திருக்க விடாமல் இரண்டாம் தடவையும் காபி கலந்து எடுத்து வந்தாள்.

எனக்கு அந்த இரண்டாவது காபி தெரியாது. இருட்டுக்குள் சின்னச் சின்னதாக வெளிச்சங்கள் பறந்தன. நட்சத்திரம் வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று நினைத்தது கடைசி.

அவர்கள் போனபின் அத்தை பார்க்குக்கு ஓடியிருக்கிறாள். நான் அங்கே இல்லை, வரவே இல்லை என்றார்கள் பிள்ளைகள். தெருத்தெருவாகக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, கால் ஓய்ந்து திவானில் உட்காரப் போனவள், மெத்தையின் ஓரம் மடங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறாள். ஏன் தூக்கிப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. தெரியாது என்றுதான் சாகும்வரை சொன்னாள்.

எனக்கு அடுத்து நினைவிருப்பது வெயில். கொல்லையில் கிடக்கிறேன், முகத்தில் தண்ணீர், கன்னத்தில் எரிச்சல். அத்தை அறைந்திருக்கிறாள். "ஏ ராசா, ஏலே, கண்ணத் தொறல, கண்ணத் தொறந்து பாருல" என்று கத்திக்கொண்டே மறுபடி அறைகிறாள். என் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்ததாம்.

கண்ணைத் திறந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "பக்கா நம்பிட்டாங்களா அத்தை?"

"என்னத்தல?"

"அம்மையும் அப்பாவும் செத்துட்டாகன்னு சொன்னியள்லா, அத."

தண்ணீர்ச் செம்புடன் நின்ற வீட்டுக்கார மாமி, "ஈஸ்வரா, குழந்தை கேட்டுண்டிருந்திருக்குடி" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை என்னையே பார்த்தாள். என் முகத்து ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு, "நம்பிட்டாங்கய்யா," என்றாள்.

மாமா சாயங்காலம் வந்தார். அத்தை வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். கப்பல் விஷயத்தை நான் ஏற்கெனவே அவளிடம் உளறியிருந்தேன். மாமா சட்டைகூட மாற்றவில்லை. பஞ்சாபி ஆன்ட்டி வீட்டில் ஒரு சுத்தியல் வாங்கிவந்து திவானின் மூடிப் பலகைகளை உடைத்தார். யார்மீதோ கோபம் போல உடைத்தார். நான் அவர் முதுகைப் பிடித்து இழுத்து, கப்பலை உடைக்காதீர்கள், இனி எதில் போவோம் என்று அலறினேன். அவர் நிறுத்தவில்லை. கடைசிப் பலகையும் பெயர்ந்ததும் சுத்தியலைப் போட்டுவிட்டு, சிராய்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். மாமா அழுது நான் பார்த்ததில்லை. பார்க்கவே பயமாக இருந்தது.

கப்பலை உடைத்துவிட்டோமே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளைத் தட்டினேன்.

"அழாதிய மாமா. நாம போகவே வேண்டாம். அவங்கதான் செத்துட்டாகன்னு நம்பிட்டாங்கள்லா? இனிமே யாரும் வெரட்ட மாட்டாங்க. அம்மையும் அப்பாவும் அவங்களே இங்க வந்துரலாம்."

மாமா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு முன்னிலும் பெரிதாக அழுதார். வாசற்படியில் அத்தையும் அழுதாள். இத்தனை நல்ல செய்தி இவர்களுக்கு ஏன் புரியவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, முதலிலிருந்து மறுபடியும் நிதானமாக விளக்கினேன்.